துடைப்பம் திரும்பி வந்த வாசல்

குழுப் படத்தில் உங்களை எண்ணிப் பார்த்தேன். ஏழு பேர். நான்கு பேர் கேமராவைப் பார்க்கிறீர்கள், இரண்டு பேர் கைபேசியைப் பார்க்கிறீர்கள், ஒரு பெண் மட்டும் தரையைப் பார்க்கிறாள். அந்தப் பெண் இந்தத் தொழிலில் உருப்படுவாள். மற்ற ஆறு பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். வீட்டு வாசலில் தேங்கும் தண்ணீரை வெளியே அனுப்பும் வேலையில் முப்பத்தாறு வருடம் இருந்தேன். நான் மட்டம் பிடித்த வாசல்கள் நானூற்றுப் பதினெட்டு. எல்லாம் நோட்டில் இருக்கிறது. அதில் நானூற்றுப் பதினேழைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மழை பெய்தது, தண்ணீர் போனது. மீதி ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்கிறேன்.

முதலில் வாட்டம் என்ற சொல். தரை கண்ணுக்குச் சமமாகத் தெரிய வேண்டும், தண்ணீருக்கு மட்டும் சரிவு தெரிய வேண்டும். அந்தச் சரிவைத்தான் கொத்தனார்கள் வாட்டம் என்கிறார்கள். எட்டடிக்கு ஓர் அங்குலம். என் மனைவி அதற்கு வேறு பொருள் வைத்திருந்தாள். "ஊர்ல இருக்கிற வாசலுக்கெல்லாம் வாட்டம் குடுத்துட்டு, மிச்சத்த மூஞ்சில ஒட்டிக்கிட்டு வந்துடறீங்க" என்பாள். தவறில்லை. நான் குடை இரண்டு எடுத்துப்போகிறவன். ஒன்று மழைக்கு, மற்றொன்று முதல் குடை தொலைந்தால். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். கவலைப்படுவதுதான் இந்தத் தொழிலுக்கு முதல் தகுதி என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். நான் கவலைப்பட்டுக்கொண்டே எதையும் கவனிக்காமல் இருந்திருக்கிறேன் என்பது ஸ்டெல்லா டீச்சர் வீட்டு வாசலில்தான் தெரிந்தது.

ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. ஸ்டெல்லா டீச்சர் கண்டோன்மெண்ட் பக்கம், ஒரு தேவாலயத்துக்குப் பின்தெருவில், பழைய ஓட்டு வீட்டில் பியானோ சொல்லிக்கொடுக்கிறவர். தனி ஆள். பதினான்கு மாணவர்கள். அவர் அந்த வீட்டுக்கு வந்த காலத்தில் சாலையிலிருந்து மூன்று படி ஏறி வாசலுக்குள் வர வேண்டுமாம். ஆனால் பெங்களூரில் மரத்தைவிடச் சாலை வேகமாக வளரும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார், அதன் மேல் இன்னொன்று. நான் போனபோது படி ஏறவில்லை. அரைப்படி இறங்கித்தான் உள்ளே போனேன். நான் இறங்கியது போலவே மழைத் தண்ணீரும் இறங்கிக்கொண்டிருந்தது.

"போன வருஷம் ரெண்டு இஞ்ச் தண்ணி ரூமுக்குள்ள வந்துச்சு மிஸ்டர் தாமோதரன். இவளோட கால் நனைஞ்சு போச்சு" என்றார் டீச்சர். இவள் என்றது பியானோவை. "ட்யூனர் வந்து பாத்தாரு. இன்னொரு தடவ நனைஞ்சா என்னைக் கூப்பிடாதீங்க, கார்ப்பெண்டரக் கூப்பிடுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

"வேற ரூமுக்கு மாத்திடலாமே டீச்சர்?"

"இவ உள்ள வந்த கதவ அடைச்சு ஜன்னலாக்கிட்டாங்க. இப்ப இருக்கிற கதவுல நானே சைடாத்தான் போறேன்."

"அடியில செங்கல் குடுத்துத் தூக்கினா..."

"பியானோ என்ன ஃப்ரிட்ஜா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்த அறையின் வாசற்படி உயரத்தை அளந்தேன். மூன்று அங்குலம். தண்ணீர் அந்த மூன்று அங்குலத்தை இன்னொரு முறை தாண்டினால் பியானோ போகும், அதோடு டீச்சரின் பிழைப்பும் போகும். "மிஸ்டர், நான் மியூசிக் டீச்சர். என்னை ஸ்விம்மிங் டீச்சர் ஆக்கிடாதீங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

திட்டம் எளிது. கேட் அருகே ஒரு மேடு கட்டிச் சாலைத் தண்ணீரைத் தடுப்பது. உள்ளே விழும் மழையை எதிர்ப்பக்கம் திருப்பி, வீட்டின் இடப்புறமுள்ள நாலடிச் சந்து வழியாகப் பின்தெரு மோரியில் விடுவது. மோரி என்றால் சாக்கடை. இந்த ஊரில் எல்லா மொழிக்காரர்களும் சண்டையில்லாமல் ஒப்புக்கொண்ட ஒரே சொல் அதுவாகத்தான் இருக்கும். வாசல் இருபத்து நாலு அடி, சந்து முப்பத்திரண்டு அடி. ஐம்பத்தாறு அடிக்கு ஏழு அங்குலம் வாட்டம் வேண்டும். மோரியின் ஆழத்தைப் பார்த்தால் ஏழேகால் கிடைத்தது. உபரி கால் அங்குலம். அந்தக் கால் அங்குலத்தை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கொத்தனார் அனுமந்தப்பா ராயச்சூர்ப் பக்கத்துக்காரர். கல் பதிப்பதில் அவருக்கு இணையாக நான் கண்டவர்கள் மூன்று பேர், அதில் இருவர் அவருடைய அண்ணன்மார். அவருக்குத் தமிழ் அரைகுறை. எனக்குக் கன்னடம் சரளமாக வரும். ஆட்டோக்காரருடன் சண்டை போட்டு ஜெயிக்கும் அளவுக்கு வரும் என்றால் உங்களுக்குப் புரியும்.

வாசலும் சந்தும் சேரும் மூலையில் ஒரு செம்பருத்திச் செடி. மூலை திரும்புவதால் கேட்டில் நிற்கிறவருக்கு அங்கே இருப்பவர் தெரியமாட்டார். இப்படிப்பட்ட இடத்தில் தண்ணீர் நிரப்பிய நீளக் குழாயை வைத்துத்தான் மட்டம் பார்க்க முடியும். குழாயின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும், அதை வைத்து அளவு எடுப்பது. அந்த அளவுக்குக் கலவையில் சின்னச் சின்னப் பொட்டு வைத்து, பொட்டின் உயரத்துக்குக் கல் பதிப்பார்கள். பொட்டு தப்பினால் எல்லாம் தப்பும்.

ஒரு முனையோடு நான் கேட்டில் நின்றேன். மறுமுனையோடு அனுமந்தப்பா செம்பருத்தி மூலைக்கு அந்தப் பக்கம். பக்கத்து வீட்டில் யாரோ டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தார்கள். என் கைபேசி வேறு ஒலித்துக்கொண்டே இருந்தது. இன்னும் இரண்டு இடங்களில் வேலை ஓடிக்கொண்டிருந்தது, இரண்டிலும் எனக்காகக் காத்திருந்தார்கள். அனுமந்தப்பா தம் பக்க அளவைக் கத்திச் சொன்னார். கணக்குப் போட்டேன். மூலைப் பொட்டு ஒன்றரை அங்குலம் உயரமாக இருந்தது. அதை இறக்க வேண்டும்.

"அரை இஞ்ச் எறக்குப்பா! எறக்கு!" என்று கத்தினேன்.

சிறிது நேரம் கழித்து, ஆயிற்று என்று கன்னடத்தில் குரல் வந்தது. "ஆய்து சார். இன்னூ?"

"இன்னும் அரை! எறக்கு!"

"ஆய்து. இன்னூ?"

"இன்னொரு அரை! எறக்கு எறக்கு!"

"ஆய்து சார். சரி?"

"சரி!"

மூன்று அரை, ஒன்றரை. நோட்டில் எழுதி, பக்கத்தில் டிக் போட்டேன். கேட்டிலிருந்து அந்த மூலைக்கு என் நடையில் பன்னிரண்டு எட்டு. போய் ஒரு பார்வை பார்த்திருக்கலாம். முழங்கால் வலித்தது, கைபேசி அழைத்தது. போகவில்லை.

பதினொரு நாளில் வேலை முடிந்தது. சாதரஹள்ளிக் கல், வெளிர்சாம்பல் நிறம், இணைப்புக் கோடு ஒன்றுகூட வளையவில்லை. தண்ணீர் விட்டுச் சோதிக்க வேண்டும். அது டேங்கர் லாரிக்கு ஜனங்கள் வரிசையில் நின்ற கோடை. டீச்சர் வீட்டில் துணி அலசிய தண்ணீர் ஒரு வாளி இருந்தது. அதைக் கொடுக்கச் சொன்னபோது வீட்டு வேலை பார்க்கும் அஞ்சலைக்கு மனமில்லை. ஈஜிபுராவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். "இத வச்சுத்தான் சார் நான் பாத்ரூம் கழுவணும்" என்று சொல்லிக்கொண்டே வைத்தார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சந்துக்குள் ஊற்றினேன். சந்தில் நிழல் இருந்தது, அதனால்தான் அங்கே. தண்ணீர் குடுகுடுவென்று மோரிக்கு ஓடிற்று. டிக்.

மூன்றாம் நாள் கணக்கு முடிக்கப் போனபோது அஞ்சலை வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"சார், தொடப்பம் திரும்பி வருது."

"என்னம்மா?"

"இங்கேர்ந்து தள்ளினா அந்தச் செம்பருத்திகிட்ட போயி, திரும்பி என் காலுக்கே வருது. மின்ன முப்பத்தெட்டு வீச்சுல முடிப்பேன். இப்ப அம்பத்தொண்ணு ஆவுது."

"புதுக் கல்லும்மா. சொரசொரப்பா இருக்கும். போகப் போகச் சரியாயிடும்."

"கல்லு சொரசொரப்பா இருந்தா எல்லா எடத்துலயும்தான் சார் இருக்கணும்? அந்த ஒரு எடத்துல மட்டும் இன்னா?"

நான் சிரித்தேன். அந்த வாசலில் பதினேழு இடத்தில் மட்டம் பார்த்தவன் நான். என் சட்டைப் பையில் நோட்டு இருந்தது, பேனா இருந்தது. பேருந்துப் படிகளைக்கூட எண்ணுகிற நான், அந்த அம்மாள் தந்த இரண்டு எண்களை மட்டும் எழுதிக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் கழித்து, மே மாதத்தில், ஒரு மாலை நாலு மணிக்கு வானம் கிழிந்தது. நான் இரண்டு தெரு தள்ளி வேறொரு வீட்டில் இருந்தேன். கைபேசியில் டீச்சர்.

"மிஸ்டர், சீக்கிரம் வாங்க. உங்க தண்ணி என் பியானோவைப் பாக்க வந்துக்கிட்டிருக்கு."

ஒரு குடையை விரித்து, மறு குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினேன். முழங்கால் வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கேட்டைத் தாண்டி உள்ளே குதித்தபோது கணுக்கால் நனைந்தது. வாசல் முழுவதும் தண்ணீர். உள்ளே பியானோ ஒலித்துக்கொண்டிருந்தது. வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாள், டீச்சரின் பதினான்காவது மாணவி, நடுங்கும் விரல்களால் ஏறியும் இறங்கியும் ஸ்வரப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். டீச்சர் கட்டிலில் கிடந்த போர்வையைச் சுருட்டி வாசற்படியில் திணித்தபடியே எண்ணிக்கொண்டிருந்தார். "ஒன், டூ, த்ரீ, ஃபோர். நிறுத்தாதீங்க மேடம். நிறுத்தினா பயம் வந்துடும். ஒன், டூ..."

பையிலிருந்த அடிக்கோலை எடுத்து வாசற்படியில் வைத்தேன். படியில் ஒன்றரை அங்குலம் நனைந்திருந்தது. ஐந்து நிமிடத்தில் இரண்டு அங்குலம் ஆயிற்று. மிச்சம் ஓர் அங்குலம். ஐந்து நிமிடத்துக்கு அரை அங்குலம் என்றால் பத்து நிமிடம்.

"கேட்டத் தொறந்து விடுங்க சார், தண்ணி வெளிய போயிடும்!" என்று பியானோவிலிருந்தே கத்தினார் வங்கி அம்மாள். கேட்டுக்கு ஓடினேன், கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போனது. நல்லவேளை, கேட்டின் கீழ்ப்பாதியில் அடித்திருந்த தகட்டின் மேல் ஓடும் கம்பிகளைக் கண் எண்ணிற்று. உள்ளே தண்ணீர் கேட்டின் முதல் குறுக்குக் கம்பியில் இருந்தது. வெளியே இரண்டாவது கம்பியில்.

"யாரும் கேட்டத் தொடாதீங்க!" என்று கத்தினேன். அன்று நான் செய்த முதல் சரியான காரியம் அதுதான். அதுவரை செய்த மற்றதெல்லாம் சேர்ந்து என்ன ஆகியிருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. முன்பாவது மழை நின்றதும் தண்ணீர் மெல்ல வடியும். இப்போது கேட் பக்கம் மேடு, சந்துப் பக்கம் ஏதோ அடைப்பு. பியானோ அறை வாசலில் நான் பதினொரு நாள் உழைத்து, அழகான ஒரு தொட்டி கட்டியிருந்தேன்.

நோட்டைப் பிரித்தேன். எல்லாப் பொட்டுக்கும் டிக் இருந்தது. நோட்டின்படி அந்த வாசலில் தண்ணீர் நிற்கவே முடியாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? குழாயைத் தேடினேன். மறுபடி மட்டம் பார்க்க. கொட்டுகிற மழையில், ஒரு கையில் குடையோடு.

அஞ்சலை வாசற்படியோரம் தண்ணீரைத் துடைப்பத்தால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா சார், மழையில மட்டமா? அதான் தண்ணியே நிக்குதே. அத வுட மட்டம் உங்களுக்கு இன்னா வேணும்?"

அதுவரை நானூறு வாசலுக்கு மேல் பார்த்தும் எனக்குத் தோன்றாத விஷயம். தேங்கிய தண்ணீரைவிடச் சரியான மட்டக்கோல் உலகத்தில் கிடையாது. நிமிர்ந்து பார்த்தேன். வாசல் முழுவதும் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கல் தலை தூக்கியிருந்தது. செம்பருத்தி மூலை. என் நோட்டின்படி வாசலிலேயே தாழ்வான இடம்.

"அங்கதான சார் திரும்பி வருதுன்னு சொன்னேன்" என்றார் அஞ்சலை.

நோட்டு ஒன்று சொன்னது, துடைப்பம் ஒன்று சொன்னது. மோரி அடைத்துக்கொண்டிருக்கலாம், ஓடிப்போய் அதைப் பார் என்றது புத்தி. போய்வர மூன்று நிமிடம். மூலையை உடைக்கச் சொன்னது துடைப்பம். தப்பாகிவிட்டால் புதுக் கல்லும் போகும், நேரமும் போகும், பியானோவும் போகும். இந்த இடத்தில் ஏதோ பெரிய யோசனை செய்தேன் என்று நினைக்காதீர்கள். நான் நோட்டைக் குடையோடு சேர்த்து மடக்கிச் சன்னலில் வைத்தேன். அவ்வளவுதான்.

"கடப்பாரை இருக்கா?"

"வெறகு ரூம்ல கீது" என்று சொல்லிக்கொண்டே ஓடினார் அஞ்சலை.

சந்துப் பக்கமாக நீளவாக்கில் ஒரு வரிசையைப் பெயர்த்தால் வாய்க்கால் மாதிரி வழி கிடைக்கும். அந்த மேட்டைக் கடக்க ஏழு கல். முதல் கல்லுக்கு எனக்கு மூன்று நிமிடம் ஆயிற்று. அனுமந்தப்பா பதித்த கல் அது. சும்மா வருமா? மிச்சம் ஏழு நிமிடம், ஆறு கல். என் மூச்சு இரைப்பதைக் கேட்ட அஞ்சலை கடப்பாரையைக் கையிலிருந்து பிடுங்கினார்.

"நீங்க பெருக்குங்க சார். எனக்கு இது பழக்கம். எங்க வீட்ல வருஷா வருஷம் தண்ணி வருது."

துடைப்பம் என் கைக்கு வந்தது. முப்பத்தாறு வருடத்தில் நான் மட்டம் பிடித்த வாசலை நானே பெருக்குவது அதுதான் முதல் தடவை. தள்ளினேன். தண்ணீர் மூலைவரை போனது, ஒரு கணம் நின்றது, திரும்பி என் காலுக்கே வந்தது. மறுபடி தள்ளினேன். மறுபடி வந்தது. அந்த அம்மாள் மூன்று வாரத்துக்கு முன்னால் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மை. கல்லின் சொரசொரப்பு வேறு, ஏற்றம் வேறு. கைக்குத் தெரிகிறது.

உள்ளே, "ஒன், டூ, த்ரீ, ஃபோர்." மூலையில் கடப்பாரை, "ரெண்டு... மூணு..." நான் வீச்சுகளை எண்ணினேன். ஒரே வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாக எண்ணிக்கொண்டிருந்தோம். ஐந்தாவது கல் வந்தபோது போர்வையின் கீழ்முனை ஈரமாயிற்று. "மிஸ்டர்!" என்றார் டீச்சர். அதன்பிறகு அவர் எண்ணவில்லை. அவர் நிறுத்தியதும் பியானோவும் தடுமாறி நின்றது.

ஆறாவது கல் பெயர்ந்ததும் தண்ணீர் அந்தப் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தது. ஏழாவது கல்லை அஞ்சலை புரட்டிப் போட்டபோது ஒரு சத்தம் கேட்டது. பெரிய மனிதர் சாப்பாட்டுக்குப் பிறகு ஏப்பம் விடுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு சந்து முழுவதும் சலசலவென்று ஓடி, அந்தப் பக்கம் மோரியில் விழுந்தது. மோரி சுத்தமாகத்தான் இருந்தது.

அடிக்கோலை வாசற்படியில் வைத்துப் பார்த்தேன். தண்ணீருக்கும் படியின் விளிம்புக்கும் இடையே மிச்சம் இருந்தது கால் அங்குலம்.

"மேடம்," என்றார் டீச்சர், உள்ளே திரும்பி, "யார் உங்கள நிறுத்தச் சொன்னது? மறுபடி முதல்லேர்ந்து."

மறுநாள் காலை அனுமந்தப்பாவை அழைத்துவந்து மூலையைக் காட்டினேன். நெடுங்காலத்துக்குப் பிறகு அன்றுதான் கோபத்தில் குரலை உயர்த்தினேன். ஒன்றரை அங்குலம் இறக்கச் சொன்னால் ஒன்றரை அங்குலம் ஏற்றி வைத்திருக்கிறாயே, மூன்று முறை கத்தினேனே, காது கேட்கவில்லையா என்று கேட்டேன்.

அவர் என்னைவிட ஆச்சரியப்பட்டார். "சார், நீவே ஹேளித்ரல்லா! ஏர்ஸு, ஏர்ஸு அந்த! மூர் சாரி!"

நீங்கள்தானே சொன்னீர்கள், அதுவும் மூன்று தரம், என்கிறார். எனக்குப் புரிய அரை நிமிடம் பிடித்தது. நான் கத்தியது எறக்கு. கன்னடத்தில் ஏரிஸு என்றால் உயர்த்து, பேச்சில் ஏர்ஸு. டைல்ஸ் அறுக்கும் சத்தத்தில், மூலைக்கு அந்தப் பக்கம், என் எறக்கு பாதி தூரத்திலேயே ஏர்ஸு ஆகிவிட்டிருக்கிறது. தமிழில் கீழே போகச் சொன்னேன், கன்னடத்தில் மேலே போயிற்று. நடுவில் வந்த இன்னும் மட்டும் இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒன்று. அதனால் இருவருக்கும் சந்தேகமே வரவில்லை.

"சரி, தண்ணி எப்படிப் போகும்னு உனக்கே தோணலியா அனுமந்தப்பா?"

"தோண்ச்சு சார். செம்பருத்திக்கு தண்ணி நிக்கணும்னு சார் சொல்றாரு அந்துகொண்டே." அப்படி நினைத்துக்கொண்டாராம். பிறகு, பணிவாக, "நீங்க இஞ்சினியர் அல்வா" என்றார். கன்னடத்தில் அல்வா என்றால் அல்லவா.

அதைக் கேட்டு அஞ்சலை சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காபி தளும்பிற்று. அனுமந்தப்பாவும் சிரித்தார். கடைசியில் நானும். எனக்குக் கன்னடம் தெரியாதென்றால் மன்னிக்கலாம். நன்றாகத் தெரியும். இளிஸு என்று ஒரு சொல் போதும், இறக்கியிருப்பார். ஆனால் அவசரத்தில் கத்தும்போது வாய் தாய்மொழிக்கு ஓடிவிடுகிறது. கேட்கிறவர் காதும் அவர் தாய்மொழிக்கு ஓடிவிடுகிறது. இரண்டும் சந்திக்கிற இடத்துக்கு நாம் நடந்தாவது போக வேண்டும். என் விஷயத்தில் அது பன்னிரண்டு எட்டு.

அந்த மூலையை முழுவதும் பெயர்த்து மூன்று அங்குலம் இறக்கினோம். கத்தவில்லை. நான் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். கல்லைக் காரையில் நிறுத்துவதற்கு முன்னால், சும்மா அடுக்கி வைத்த நிலையிலேயே, அஞ்சலையைக் கூப்பிட்டுப் பெருக்கச் சொன்னேன்.

"இன்னா சார், வேலைய முடிக்கறதுக்கு மின்னாடியே பெருக்கச் சொல்றீங்க?"

"எத்தன வீச்சுன்னு சொல்லுங்கம்மா."

பெருக்கினார். அனுமந்தப்பாவும் நானும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவர்கள் போல நின்றோம். மூலையில் ஒரு முறை நிதானித்தார். பின்னால் வந்து மறுபடி தள்ளினார். "ரெண்டாவது கல்லு லேசா" என்றார். அனுமந்தப்பா குனிந்து அதை மணிக்கட்டால் ஓர் அழுத்து அழுத்தினார். மறுபடி பெருக்கல்.

"முப்பத்தி நாலு."

நோட்டில் எழுதினேன். டிக் போடப்போன பேனாவை அஞ்சலை வாங்கித் தாமே போட்டார். என் டிக்கைவிட இரண்டு மடங்கு பெரியது. இப்போதும் அந்தப் பக்கத்தைத் திறந்தால் முதலில் தெரிவது அதுதான்.

அதற்குப் பிறகு ஓய்வுபெறும்வரை இன்னும் ஆறு வாசல்கள் செய்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் மனையின் வரைபடத்தைக் கேட்கும் முன்பு, "இந்த வாசல யார் பெருக்குறாங்க?" என்று கேட்டேன். வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும். பெருக்குகிறவருக்குத் தண்ணீர் எங்கே நிற்கும், எந்தக் கல் ஆடும், எந்த மூலையில் பாசி பிடிக்கும் என்று தெரியும். அவர் சொல்லும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் பஞ்சமென்றாலும் ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள். மோரிக்குப் பக்கத்தில் நின்று ஊற்றாதீர்கள். நீங்கள் பயப்படுகிற இடத்தில் ஊற்றுங்கள்.

டீச்சர் வீட்டு மூலையைத் திருத்திய பிறகு முதல் பெருமழை அந்த ஜூன் மாதம் வந்தது. நான் அன்று விடுப்பு, வீட்டில் இருந்தேன். சன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தேன். "அங்க ஓடறதுக்குப் பதிலா இங்க ஓடறீங்க" என்றாள் மனைவி. பதினோராவது தடவை திரும்பும்போது கைபேசி ஒலித்தது. ஸ்டெல்லா டீச்சர் எண். எடுத்தேன்.

"டீச்சர்? தண்ணி எவ்வளவு? எத்தன இஞ்ச்?"

கேட்டது பேச்சு இல்லை. பியானோ. அதே ஸ்வரப் பயிற்சி, ஏறுவதும் இறங்குவதுமாக. இந்தத் தடவை விரல் நடுங்கவில்லை. பின்னணியில் மழை, ஓட்டின் மேல் கொட்டுகிற மழை. தூரத்தில் டீச்சரின் குரல், "ஒன், டூ, த்ரீ, ஃபோர்." கைபேசியைப் பியானோமேல் வைத்திருக்கிறார் போல. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம், நாலு நிமிடம், ஏழு நிமிடம். எங்கேயும் நிற்கவில்லை. எட்டாவது நிமிடம் யாரோ கைபேசியை எடுத்தார்கள். அஞ்சலை.

"சார், அங்க நின்னுகினு எண்ணினுதான கீறீங்க?"

"ஆமாம்மா."

"போதும், வைங்க. தொடப்பம் திரும்பி வர்ல."